மன்னிப்பைத் தேடுகிறவருக்கு எந்த வேதாகமம்?

சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் லெந்து காலம் என்றும் கத்தோலிக்கக் குடும்பங்களில் தவக்காலம் என்றும் சொல்லப்படும் நாற்பது நாள்கள் தொடங்கிய வாரத்தில், பாளையங்கோட்டையில் உள்ள ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குச் சென்று, பெரிய எழுத்தில் அச்சிட்ட தமிழ் வேதாகமம் வேண்டும் என்று கேட்டேன். கடையில் இருந்த பெரியவர் அலமாரியின் பக்கம் திரும்பும் முன்பே, "நீங்க ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்று கேட்டார். எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளவே அவர் அப்படிக் கேட்டார். ஆனாலும் எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் பிறந்தது சி.எஸ்.ஐ. வீட்டில், வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்க வீட்டில். புத்தகமோ இரண்டு வீட்டுக்கும் இல்லை. படுத்த படுக்கையாகிவிட்ட என் பெரியப்பாவுக்கு. ஆகவே இரண்டையும் வாங்கிக்கொண்டேன். மூன்று மாத காலம், மாலை வேளைகளில், அவருடைய கட்டிலருகே உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றி உரக்க வாசித்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஒரு வேதாகமப் பதிப்பை எடைபோட வழிகள் பல உண்டு. நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கடவுள் தன்னை மன்னிப்பாரா என்று உண்மையிலேயே அஞ்சுகிற ஒருவரின் செவியில், இந்தத் தமிழ் என்ன செய்கிறது? இந்தக் கேள்வி என்னுடையது அன்று, பெரியப்பாவுடையது. அவருக்கும் என் தகப்பனாருக்கும் இடையே வீட்டுப் பாகப்பிரிவினையில் எழுந்த வழக்கு பதினொரு ஆண்டுப் பேச்சற்ற பகையாக நீண்டு, என் தகப்பனாரின் சாவோடுதான் முடிந்தது. அடக்க ஆராதனை நடந்த அன்று பெரியப்பா தெருமுனை வரை வந்து, அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டார். நான் வாசிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் அவர் கேட்டார்: "செத்துப் போனவன்கிட்ட எப்படிம்மா மன்னிப்புக் கேக்கிறது? கர்த்தர் மன்னிச்சிருவாரு, சரி. அவன் மன்னிக்கணும்லா?"

புத்தகங்களைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சீர்திருத்தச் சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் பெரும்பாலும் பயன்படுத்துகிற 'பரிசுத்த வேதாகமம்'. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பால் 1871-இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு அது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டிலிருந்தும், பின்னர் வந்த பப்ரீசியஸின் மொழிபெயர்ப்பிலிருந்தும் வழிவழியாக வந்த நடை அதில் கேட்கும். 1936-இல் லார்சன் குழுவினர் ஒரு திருத்தப் பதிப்பைக் கொண்டுவந்தபோதும், மக்கள் பழையதையே விடாமல் பிடித்துக்கொண்டார்கள். மற்றொன்று, கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்'. நான் வாங்கிய பதிப்பில், பழையதில் இல்லாத இணைத் திருமுறை நூல்களும் அடங்கியுள்ளன. முன்னதில் தேவன், கர்த்தர், பிதா, கிருபை, இரட்சிப்பு; பின்னதில் கடவுள், ஆண்டவர், தந்தை, அருள், மீட்பு. இந்த வேறுபாட்டை எல்லாரும் அறிவார்கள், ஆகவே அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் தேடி நான் முதலில் திறந்தது, வேதாகமத்தின் பாடல் தொகுப்பான சங்கீதங்களில் ஐம்பத்தோராம் சங்கீதம். தாவீது ராஜா பத்சேபாளோடு பாவம் செய்த பின்னர், நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது பாடியது என்று அதன் தலைப்பே கூறுகிறது. அவளுடைய கணவன் உரியாவைத் தாவீது போர்முனையில் சாகும்படி வைத்திருந்தான். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை வாசித்த அந்தச் சங்கீதத்தில் நான் அதுவரை கவனிக்காத ஒன்றைப் பெரியப்பாவின் கேள்வி காட்டிக்கொடுத்தது. தாவீது மன்னிப்புக் கேட்கிற வேளையில் உரியா உயிரோடு இல்லை. அநீதிக்கு ஆளானவன் மண்ணுக்குள் போய்விட்டான். அவனிடம் போய் நிற்க வழி இல்லாத நிலையில்தான் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று தாவீது சொல்கிறான். உரியாவுக்குச் செய்த தீங்கு ஒன்றுமில்லை என்று தட்டிக்கழிக்கிற வார்த்தையாக அந்த வரி எனக்கு முன்பெல்லாம் பட்டதுண்டு. கட்டிலருகே வாசித்தபோது அது வேறாகக் கேட்டது. செத்தவனின் கணக்கும் கடவுளின் கையில்தான் இருக்கிறது, அவனுக்காக வழக்கை ஏற்று நடத்துகிறவரும் அவரே, ஆகவே அவரிடம் போவதைத் தவிர வேறு வாசல் இல்லை என்கிற ஒரு மனிதனின் ஒப்புதலாகக் கேட்டது.

இந்தச் சங்கீதத்தைப் பொறுத்தவரை, பழைய மொழிபெயர்ப்புக்கு ஈடு இல்லை என்று தயங்காமல் சொல்வேன். "நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயத்தை நீர் புறக்கணியீர்" என்ற வரியை உரக்க வாசித்துப் பாருங்கள். நொறுங்குதல், நருங்குதல் என்று அடுத்தடுத்து வரும் இரண்டு சொற்களும் அம்மியில் அரைபடுகிற எதையோ நினைவூட்டுகின்றன. பொது மொழிபெயர்ப்பில் 'நொறுங்கிய, குற்றமுணர்ந்த உள்ளம்' என்று இருக்கிறது. பொருள் தெளிவுதான், ஆனால் 'குற்றமுணர்ந்த' என்பது விளக்கமே தவிர வலி அன்று. அதேபோல், "உறைந்த மழையிலும் வெண்மையாவேன்" என்கிறது பழையது, புதியதோ "உறைபனியிலும் வெண்மையாவேன்" என்கிறது. நம் ஊரில் பனி என்றால் விடியலில் புல்நுனியில் நிற்கிற நீர்தான், வெள்ளையாகக் கொட்டுகிற பனியை அக்காலத் தமிழர் பார்த்ததில்லை. பாராத ஒன்றைச் சொல்வதற்கு அந்த மொழிபெயர்ப்பாளர்கள் கண்டெடுத்த 'உறைந்த மழை' என்னும் தொடர், சரியா தவறா என்பதற்கு அப்பால், ஒரு வியப்பைத் தாங்கி நிற்கிறது. உறைந்த மழையைப் பெரியப்பாவும் பார்த்ததில்லை. ஆனால் எண்பது வருடங்களாக அதைக் கேட்டு வந்திருக்கிறார். அந்த வரி வந்தபோது என்னோடு சேர்ந்து அவருடைய உதடுகளும் அசைந்தன.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதே சங்கீதத்தின் முதல் வரியில், பழையது "உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்" என்று வேண்ட, புதியது "உமது பேரன்புக்கேற்ப எனக்கு இரங்கும்" என்று வேண்டுகிறது. கிருபை என்ற சொல்லைத் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் நாளுக்கு நூறு முறை சொல்கிறோம். 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் 'கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன்' என்போம். சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லின் ஓரம் தேய்ந்துவிட்டது. 'பேரன்பு' என்ற சொல் வந்த இடத்தில் பெரியப்பா என்னை நிறுத்தி, "திரும்ப வாசி" என்றார். மன்னிப்பின் ஊற்று எது என்று அந்த ஒரு சொல் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று மாத வாசிப்பில் பொது மொழிபெயர்ப்பு என்னை முழுமையாக வென்ற இடம் ஒன்று உண்டு. அது தமிழின் மரியாதை விகுதியால் நிகழ்கிற ஒன்று. தமிழில் ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவன் என்பதா, அவர் என்பதா என்று ஒவ்வொரு வரியிலும் தீர்மானித்தே ஆக வேண்டும். வினைமுற்றின் கடைசி எழுத்திலேயே அந்த மனிதருக்கு நாம் தரும் மதிப்பு வெளிப்பட்டுவிடும். பழைய மொழிபெயர்ப்பின் ஒழுங்கு எளிமையானது. கடவுளுக்கும் கிறிஸ்துவுக்கும் 'அவர்', மற்றவர்களுக்கெல்லாம் 'அவன்', 'அவள்'. தாவீது ராஜாவும் 'அவன்', வரி வசூலிக்கிற ஆயக்காரனும் 'அவன்'. அந்த ஒழுங்கில் ஒரு பெரிய உண்மை இருப்பதை மறுக்க மாட்டேன். கடவுளின் முன்னால் அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே விகுதிதான்.

பொது மொழிபெயர்ப்பு வேறு வழியில் போகிறது. யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்டதாகச் சொல்லி ஒரு பெண்ணை இழுத்து வந்து நடுவில் நிறுத்துகிறார்கள். கல்லெறிய வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்ட பிறகு, பழைய மொழிபெயர்ப்பில் இயேசு அவளை "ஸ்திரீயே" என்று அழைத்து, "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை, நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே" என்கிறார். பொது மொழிபெயர்ப்பில் அவர் "அம்மா" என்று அழைக்கிறார். "நானும் தீர்ப்பு அளிக்கவில்லை. நீர் போகலாம். இனிப் பாவம் செய்யாதீர்" என்கிறார். ஊரே கூடி அவமானப்படுத்திய ஒருத்தியிடம், மன்னிப்பு என்ற சொல்லைக்கூட உச்சரிக்காமல், 'அம்மா' என்றும் 'நீர்' என்றும் பேசுவதிலேயே மன்னிப்பு நடந்து முடிந்துவிடுகிறது. குற்றத்தை நீக்குவது ஒன்று, குற்றவாளியை மறுபடியும் மனிதராக நிமிர்த்தி நிறுத்துவது மற்றொன்று. முதலாவதைப் பழைய தமிழ் வலுவாகச் சொல்கிறது. இரண்டாவது எனக்குக் கேட்டது புதிய தமிழில்தான்.

ஊதாரி மைந்தன் கதையிலும் இதுவே நடக்கிறது. சி.எஸ்.ஐ. ஞாயிறு பள்ளியில் நாங்கள் அதைக் 'கெட்ட குமாரன்' கதை என்றே படித்தோம். பொது மொழிபெயர்ப்பு அதற்கு இட்டிருக்கும் தலைப்பு 'காணாமற்போன மகன் உவமை'. மகன் கெட்டதிலிருந்து கதையைத் தொடங்குவதற்கும், அவன் காணாமற்போனதிலிருந்து தொடங்குவதற்கும் எவ்வளவு தூரம்! கெட்டவன் என்றால் அது அவனுடைய கணக்கு, காணாமற்போனவன் என்றால் தேடுகிறவர் ஒருவர் இருக்கிறார். இந்த மொழிபெயர்ப்பில் அந்த இளைய மகன் சொத்தைப் பாழாக்கும்போதும், பன்றி மேய்க்கப் போகும்போதும், 'அவர்' ஆகவே இருக்கிறார். அழுக்கும் பசியுமாகத் திரும்பி வருகிறவரைத் தந்தை "ஓடிப்போய் அவரைக் கட்டித் தழுவி முத்தமிட்டார்" என்று வாசிக்கும்போது, அந்த மரியாதை விகுதி முதலில் செவிக்குச் சற்று விறைப்பாக இருந்தது என்பது உண்மை. நம் வீட்டில் எந்த அப்பாவும் மகனை 'அவர்' என்பதில்லை. ஆனால் தந்தையே வாய் திறந்து பேசும் இடத்தில், "என் மகன் இவன்" என்று ஒருமைக்கு மாறுகிறார். கதை சொல்பவர் மரியாதை தருகிறார், தந்தை உரிமை எடுத்துக்கொள்கிறார். இரண்டும் ஒரே மகனுக்கே.

இன்னும் ஒரு நுட்பத்தைப் பெரியப்பாதான் பிடித்தார். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில், அரசனிடம் பெருங்கடன் பட்டு மன்னிப்புப் பெற்ற ஒரு பணியாள், வெளியே போனதும் தன்னிடம் சிறு கடன் பட்ட உடன்பணியாளரைப் பிடித்துக் கழுத்தை நெரிக்கிற உவமை இருக்கிறது. பொது மொழிபெயர்ப்பில் உடன்பணியாளர் 'அவர்' எனப்படுகிறார். கழுத்தை நெரித்தவனோ 'நெரித்தான்', சிறையில் 'அடைத்தான்'. "ஊதாரிக்கு 'ஆர்' விகுதி குடுத்தவன், இவனுக்கு மட்டும் 'ஆன்' குடுத்திருக்கான் பாரு" என்றார் பெரியப்பா. மொழிபெயர்ப்பாளர்கள் திட்டமிட்டே அப்படி எழுதினார்களா என்பது முக்கியமில்லை. சொத்தை அழித்த மகன் இழக்காத மரியாதையை, மன்னிக்க மறுத்த பணியாள் இழந்து நிற்கிறான் என்பதை அவர் தானாகவே கண்டுகொண்டு, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் கிடந்தார். பதினொரு வருடம் பேசாதிருந்த இருவரில் தான் எந்த விகுதிக்கு உரியவன் என்று அவர் எண்ணியிருப்பார் என்பது என் ஊகம். கேட்க எனக்குத் துணிவு இல்லை.

அந்த உவமையின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. முதல் பணியாளின் கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. அப்படியானால் மொத்தம் 6 கோடி நாள்களின் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தாலும் அடைக்க 2,00,000 ஆண்டுகள் ஆகும். இரண்டாமவன் பட்டதோ 100 தெனாரியம், ஏறக்குறைய நான்கு மாதக் கூலி. அதுவும் சிறு தொகை இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. நான்கு மாதக் கூலியை இழந்தவனுக்கு வலிக்கும். மன்னிக்கச் சொல்லும் வேதம் அந்த வலியைப் பொய் என்று சொல்லவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் 'நூறு வெள்ளிப்பணம்' என்று வரும். அதை வாசிக்கும்போதுதான் என் குரல் தடுமாறியது. என் தகப்பனார் கடைசி நாள்களில், "அண்ணன் வந்தாரா?" என்று இரண்டு முறை கேட்டார். அந்த நூறு வெள்ளிப்பணத்துக்கு இப்போது நான்தான் உரியவள். கட்டிலில் கிடப்பவரிடம் அதை நான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேனா என்ற கேள்வி, வாசிப்பவளிடமே திரும்பி வந்தது.

ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் பழைய மொழிபெயர்ப்பு, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்கிறது. பொது மொழிபெயர்ப்பில் கடன் போய், குற்றம் வந்துவிட்டது. இதை நான் ஒரு இழப்பாகவே பார்க்கிறேன். கிரேக்க மூலத்தில் மத்தேயு எழுதியது கடன் என்ற சொல்லையே. இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியது. ஆறாம் அதிகாரத்தின் ஜெபத்தில் கடன் இருந்தால்தான், பதினெட்டாம் அதிகாரத்தின் கடன்பட்ட பணியாள் அந்த ஜெபத்துக்கு விளக்கமாக வந்து நிற்பான். கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துவிட்டார்கள். அதே சமயம் உவமையில், அரசர் கடன் முழுவதையும் 'தள்ளுபடி செய்தார்' என்று பொது மொழிபெயர்ப்பு எழுதியிருப்பது மிகச் சரியான தமிழ். கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் வாங்கியவருக்குத் 'தள்ளுபடி' என்ற சொல் எப்படிப்பட்ட மூச்சைத் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழைய மொழிபெயர்ப்பின் இலக்கணத்திலும் ஒரு செய்தி உண்டு. சிலுவையில் இயேசு, "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்கிறார். இன்றைய வழக்கில் 'இவர்களை மன்னியும்' என்போம், பொது மொழிபெயர்ப்பும் அப்படியே எழுதுகிறது. 'இவர்களுக்கு' என்ற நான்காம் வேற்றுமை, மன்னிப்பை ஒருவருக்குக் கொடுக்கிற பொருளாக, கையில் வைக்கிற ஒன்றாகக் காட்டுகிறது. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைக் கத்தோலிக்கர் வாயால் சொல்லும் வடிவமோ, இரண்டு நூல்களின் ஜெபத்திலும் இல்லாத ஒரு சொல்லை வைத்திருக்கிறது: "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். திருவள்ளுவர் பொறையுடைமைக்கு நிலத்தை உவமையாக்கியபோது எந்தப் பொருளில் அச்சொல்லைக் கையாண்டாரோ, அதே பொருளில் கடவுளைப் பார்த்து, என் பாவத்தின் பாரத்தை நீர் தாங்கிக்கொள்ளும் என்று என் மாமியார் நாள்தோறும் வேண்டுகிறார். சிலுவை என்பது வேறென்ன? மாமியாரிடம் கற்றுக்கொண்ட இந்தச் சொல்லை நான் பெரியப்பாவிடம் சொன்னபோது, "நல்ல சொல்லு. நம்ம புஸ்தகத்தில இல்லாம போச்சே" என்று வருந்தினார்.

'கிருபாதாரபலி' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. யோவானின் முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், கிறிஸ்துவைக் குறித்துப் பழைய மொழிபெயர்ப்பு கையாளும் இந்தச் சொல்லை, பிரசங்கம் கேட்டுப் பழகாத எவரும் புரிந்துகொள்ள முடியாது. நானே இருபது வயதுக்கு மேல்தான் அதைப் பிரித்துப் பொருள் கண்டேன். பொது மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் "நம் பாவங்களுக்குக் கழுவாய் அவரே" என்கிறது. கழுவாய், அதாவது பரிகாரம், புறநானூற்றுச் சொல். கொடிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்வில்லை என்று ஆலத்தூர் கிழார் பாடிய பாட்டில் அது வருகிறது. நன்றி கொன்றவனுக்கும்கூடக் கழுவாய் உண்டு என்று சொல்வதற்கு அதே சொல்லை எடுத்துக்கொண்டது இந்த மொழிபெயர்ப்பின் மிகத் துணிவான செயல் என்று பெரியப்பா மதிப்பிட்டார், நானும் அதை ஏற்கிறேன்.

'மனந்திரும்புங்கள்' என்ற பழைய சொல்லுக்கும் 'மனம் மாறுங்கள்' என்ற புதிய சொல்லுக்கும் இடையே எனக்குப் பழையதே பிடிக்கும். திரும்புவதற்கு ஒரு வீடு வேண்டும், மாறுவதற்கு அது வேண்டியதில்லை. இணைத் திருமுறை நூல்களில் சீராக்கின் ஞானம் இருபத்தெட்டாம் அதிகாரத்தைத் தேடி வாசிக்கும்படி சி.எஸ்.ஐ. நண்பர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். பிறன் செய்த தீங்கை நீ மன்னித்தால், நீ வேண்டும்போது உன் பாவங்களும் மன்னிக்கப்படும் என்ற கருத்து, இயேசுவுக்கு முன்பே அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

அச்சையும் அமைப்பையும் பற்றிச் சொன்னால், பழையதில் ஒவ்வொரு வசனமும் தனி வரியாகத் தொடங்குகிறது. மனப்பாடம் செய்யவும், சபையில் மாறிமாறி வாசிக்கவும் அது வசதி. கதையாக வாசிப்பவருக்கோ வரிக்கு வரி தடை. புதியதில் உரைநடை பத்திகளாகவும், பாடல்கள் பாடலின் அடிகளாகவும், ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரையோடும் அமைந்துள்ளன. உவமைகளை உரக்க வாசிக்க அதுவே ஏற்றது. பழையதின் நீண்ட வாக்கியங்களுக்கு மூச்சுப் பயிற்சி வேண்டும், பழகிவிட்டால் அந்த நீளமே தாலாட்டுப் போல ஆகிவிடுகிறது.

ஏப்ரல் மாதம் சபைப் போதகரான ஐயர் வந்து பெரியப்பாவுக்குத் திருவிருந்து கொடுத்தார். பொதுப் பாவ அறிக்கையைச் சொல்லி, பாவவிமோசனம் கூறும்போது பெரியப்பா கண்களை மூடவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு இரண்டு வாரம் கழித்து, சற்றுத் தெம்பு வந்த ஒரு காலையில், அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனோம். என் தகப்பனாரின் கல்லறையருகே நான் புத்தகத்தைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைத் தாமே சொன்னார், பழைய சொற்களில். "எங்கள் கடனாளிகளுக்கு" என்ற இடத்தில் அவருக்குக் குரல் எழவில்லை. அந்த வரியை நான் சொன்னேன். மீதியை அவர் முடித்தார்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து இதுதான். சிறுவயது முதல் பழைய மொழிபெயர்ப்பைக் கேட்டு வளர்ந்த ஒருவர் நோயிலோ முதுமையிலோ மன்னிப்பைத் தேடினால், சங்கீதங்களையும் ஜெபத்தையும் அவருக்கு அந்தத் தமிழிலேயே கொடுங்கள், அவருடைய நினைவு அதில்தான் குடியிருக்கிறது. நற்செய்தி நூல்களைப் பொது மொழிபெயர்ப்பில் வாசியுங்கள். அவமானத்தால் ஒடுங்கிப்போனவர்களுக்கு, அதிலும் சிறப்பாகப் பெண்களுக்கு, யோவான் எட்டாம் அதிகாரத்தைப் பொது மொழிபெயர்ப்பில் மட்டுமே வாசிக்கக் கொடுப்பேன். ஆண்டவர் தன்னிடம் 'நீர் போகலாம்' என்று பேசுவதை ஒருமுறையாவது அவர்கள் கேட்க வேண்டும். இரண்டையும் வாங்க வசதி இல்லை என்றால் கைப்பேசிச் செயலியில் வாசிக்கலாம், ஆனால் நோயாளியின் அருகே கைப்பேசி வேண்டாம் என்பது என் அனுபவம். வாசிக்கும்போதே அழைப்பு வரும்.

பெரிய எழுத்துப் பதிப்பு வாங்குவோர் ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டுமே நல்ல கனம். படுத்திருப்பவர் கையில் ஏந்தி வாசிக்க முடியாது. அருகில் ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.